குளிர்காலம் தணிந்துவருகிறது என்பதற்காக ஃபர்னஸின் அளவைக் குறைக்கலாமா?

கேள்வி
பதிந்தவர்: ஸ்காபரோ வீட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். 1980களில் கட்டப்பட்ட, இரண்டு தளங்களும் பேஸ்மென்டும் உள்ள தனி வீட்டில், கனடாவின் ரொறன்ரோ மாநகரத்தைச் சேர்ந்த ஸ்காபரோவில் வசிக்கிறோம். எரிவாயு ஃபர்னஸ்தான் வீட்டைச் சூடாக்குகிறது. அதன் தகட்டில் மணிக்கு 100,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) என்றும் திறன் 80 விழுக்காடு என்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பழைய இயந்திரம் என்பதால் அடுத்த குளிருக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

விலை கேட்டதில் இரு நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் இருந்த அளவையே மறுபடியும் போடச் சொன்னார். மற்றவர், "இப்போதெல்லாம் முன்னைப்போல் குளிர் இல்லை, 60,000 போதும்" என்றார். இருவருமே வீட்டை அளக்கவில்லை, கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கை எட்டிப் பார்க்கவுமில்லை. இரண்டாமவர் சொன்னதை முற்றாக மறுக்கவும் என்னால் முடியவில்லை. 2023-24 குளிர்காலத்தில் எங்கள் எரிவாயுப் பாவனை கண்கூடாகக் குறைந்தது. அதற்கு அடுத்த குளிர்காலத்தில் மீண்டும் ஏறியது. ஒரு சராசரி ஆண்டுக்கு எங்களுக்கு ஏறத்தாழ 2,400 கன மீட்டர் எரிவாயு செலவாகிறது. கோடை மாதங்களில், சமையலுக்கும் வெந்நீருக்கும் மட்டும், மாதம் 40 கன மீட்டர் அளவில் போகிறது.

காலநிலை வெப்பமடைந்துவருவதை நம்பிச் சிறிய இயந்திரத்தை வாங்கலாமா, பில்லில் தெரியும் குறைவு நிலைக்குமா, வெளிக்காற்றிலுள்ள சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துத் தரும் ஹீட் பம்ப்புக்கு மாறும் காலம் வந்துவிட்டதா என்பவையே என் ஐயங்கள். இவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டுமா, சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


பதில் 1
பதிந்தவர்: வெப்பக் கணக்கர்

வணக்கம் ஐயா. கட்டடங்களின் வெப்ப இழப்பைக் கணக்கிடுவது என் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்களிடம் வந்த இருவருமே ஆண்டு முழுவதற்கும் தேவைப்படும் வெப்பத்தையும், மிகக் குளிர்ந்த ஓர் இரவில் மணிக்கு மணி தேவைப்படும் வெப்பத்தையும் ஒன்றாக எண்ணிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். முன்னது உங்கள் பில்லைத் தீர்மானிக்கிறது. பின்னது இயந்திரத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. காலநிலை மாற்றம் இரண்டையும் குறைக்கத்தான் செய்கிறது, ஆனால் ஒரே விகிதத்தில் அல்ல.

முதலில் பில். கனடாவில் வெப்பமூட்டலுக்கான பாகை நாளை 18 பாகை செல்சியஸை அடியாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை 3 பாகை என்றால் அந்த நாளுக்கு 15 பாகை நாள். 18க்கு மேலே போனால் பூச்சியம். ஆண்டு முழுவதற்கும் இவற்றைக் கூட்டினால் வருவது அந்த இடத்தின் குளிரின் மொத்த அளவு. கட்டட விதிகளின் அட்டவணையில் ரொறன்ரோ நகர மையத்துக்கு ஏறத்தாழ 3,500, ஸ்காபரோவுக்கு ஏறத்தாழ 3,800 என்று இருக்கிறது. ஒரே மாநகரத்துக்குள் இந்த வேறுபாடு வருவதற்கு ஏரியின் அண்மையும், நகர மையத்தின் கொன்கிறீட்டும் தாரும் சேர்த்துவைக்கும் சூடும் காரணங்கள்.

உங்கள் 2,400 கன மீட்டரில் வெந்நீருக்கும் சமையலுக்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 480ஐக் கழித்தால், வீட்டைச் சூடாக்க 1,920 மிஞ்சுகிறது. இதை 3,800ஆல் வகுத்தால் ஒரு பாகை நாளுக்கு அரைக் கன மீட்டர். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் வீட்டின் குணம்; வானிலையோடு மாறாது. ஒவ்வொரு குளிர்காலத்தின் எரிவாயுப் பாவனையையும், மாதம் 40ஐக் கழித்துவிட்டு, அந்தக் குளிர்காலத்தின் பாகை நாள்களால் வகுத்துப் பாருங்கள். விடை அரைக்குப் பக்கத்திலேயே நின்றால், பில்லில் ஏற்பட்ட ஏற்ற இறக்கம் முழுவதும் வானிலையின் செயல். கனடா சுற்றுச்சூழல் அமைச்சின் வானிலைத் தளத்தில் நிலையவாரியாக, நாள்வாரியாக இந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 2023-24, கனடா முழுவதையும் எடுத்துப் பார்த்தால், பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து மிக வெப்பமான குளிர்காலம். வெப்பமடைதலோடு, பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகும் எல் நினோவும் சேர்ந்துகொண்ட ஆண்டு அது. அந்த ஆண்டின் பில்லை இனி வரும் எல்லா ஆண்டுகளுக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் நீண்டகாலப் போக்கு உறுதியானது. 2019இல் கனடா அரசு வெளியிட்ட காலநிலை அறிக்கையின்படி, 1948க்கும் 2016க்கும் இடையில் நாட்டின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1.7 பாகை உயர்ந்தது. குளிர்காலத்தை மட்டும் எடுத்தால் 3.3 பாகை. தரையை மூடும் பனிப்போர்வை சுருங்கும்போது தரை கூடுதலான வெயிலை உறிஞ்சிக்கொள்வதால் வடக்கே போகப் போக இந்த உயர்வு கூடுகிறது. தென் ஒன்டாரியோவில் அவ்வளவு இல்லையென்றாலும் திசை அதுவே. இனி ஸ்காபரோவின் குளிர்காலம் மேலும் 2 பாகை தணிவதாகக் கொள்வோம். வெப்பமூட்டும் பருவம் ஏறத்தாழ 240 நாள் என்றால், நாளுக்கு இரண்டாக 480 பாகை நாள் குறையும். பருவத்தின் ஓரங்களில் உள்ள நாள்களைக் கணக்கில் எடுத்தால் சற்றுக் குறைவாகவே வரும். ஆகவே எரிவாயு 12 விழுக்காடு அளவில் மிச்சமாகும். இது சிறிய தொகையன்று.

இனி இயந்திரத்தின் அளவு. ஸ்காபரோவுக்கு விதிகள் வைத்திருக்கும் வடிவமைப்பு வெப்பநிலை மைனஸ் 20. ஜனவரியின் 744 மணி நேரத்தில் 2.5 விழுக்காடு, அதாவது 19 மணி நேரம் அளவில் மட்டுமே வெளி வெப்பநிலை இதற்குக் கீழே போகும் என்பது அதன் பொருள். உள்ளே 21, வெளியே மைனஸ் 20 என்றால் வேறுபாடு 41 பாகை. அதே 2 பாகைத் தணிவு இங்கேயும் வந்தால் 41 என்பது 39 ஆகும். குறைவு வெறும் 5 விழுக்காடு. ஆண்டுக் கணக்கில் அது 12 ஆனதற்குக் காரணம், பருவத்தின் சராசரி நாளில், 18 என்ற அடியிலிருந்து வேறுபாடு 16 பாகை மட்டுமே. 16இலிருந்து இரண்டை எடுப்பதும் 41இலிருந்து இரண்டை எடுப்பதும் ஒன்றல்ல. கடுங்குளிர் இரவுகளும் சராசரியாகத் தணிந்தே வருகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வாங்கும் இயந்திரம் 15, 20 ஆண்டுகள் இருக்கப்போவது. அந்தக் காலத்துக்குள் ஆர்க்டிக் காற்று ஓரிரு முறையாவது தெற்கே இறங்கி வரும் என்று எதிர்பார்ப்பதே பொறுப்பான செயல்.

அண்மைய சான்று ஒன்று சொல்கிறேன். 2023 ஜனவரி கியூபெக்கில் வழமைக்கு மாறாக இதமாக இருந்தது. அங்கே பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடாக்கப்படுகின்றன. அந்த இதமான மாதம் முடிந்து வந்த பெப்ரவரி 3ஆம் தேதி இரவில் மொன்றியல் மைனஸ் 30ஐ ஒட்டிச் சென்றது. அன்று மாகாணத்தின் மின் தேவை 42,000 மெகாவாட்டைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. மொத்தப் பாவனையில் தணிந்த ஒரு குளிர்காலமும், உச்சத்தில் சாதனை படைத்த ஓர் இரவும் ஒரே பருவத்துக்குள் அமைந்தன.

ஆனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை விடை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரு பாகை நாளுக்கு அரைக் கன மீட்டர், அதில் 80 விழுக்காடே வீட்டுக்குள் வருகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், வெளியே ஒவ்வொரு பாகை குளிர்வதற்கும் உங்கள் வீட்டுக்கு ஏறத்தாழ 175 வாட் தேவை. மைனஸ் 20இல் 7 கிலோவாட்டை ஒட்டி வரும். வெயிலும் ஆள் நடமாட்டமும் இல்லாத இரவுக்காகச் சற்றுச் சேர்த்தாலும் 8 அல்லது 9 கிலோவாட், அதாவது மணிக்கு 27,000 முதல் 31,000 பிடியூ. உங்களிடம் இருப்பதோ, 100,000இல் 80 விழுக்காடாக, 80,000 பிடியூ வெப்பத்தை வீட்டுக்குள் தரும் இயந்திரம். அது பொருத்தப்பட்ட நாளிலேயே தேவையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் பெரியது. ஆகவே சிறியதாக வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. குளிர் தணிந்துவிட்டது என்று யாரோ சொன்னதற்காக அன்றி, உங்கள் வீட்டின் கணக்கு அவ்வாறு சொல்வதால்.


பதில் 2
பதிந்தவர்: மார்க்கம் தொழில்நுட்பர்

மேலே எழுதியவரின் கணக்கை நீங்களே உங்கள் வீட்டில் சரிபார்க்கலாம் அண்ணா. மைனஸ் 15 அளவில் குளிரும் ஓர் இரவில், எல்லோரும் உறங்கிய பிறகு, வீட்டின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை ஒரே அளவில் வைத்துவிட்டு ஃபர்னஸின் பக்கத்தில் அமருங்கள். ஒரு மணி நேரத்தில் பர்னர் மொத்தம் எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காற்றாடி சுழலும் நேரத்தை எடுக்கக் கூடாது. சுடர் அணைந்த பின்னும் காற்றாடி சிறிது நேரம் ஓடும். சிறிய கண்ணாடித் துளை வழியாக நீலச் சுடர் தெரியும். அது எரியும் நேரம்தான் கணக்கு. 18 நிமிடம் எரிந்தால் 80,000இல் பத்தில் மூன்று பங்கு, 24,000 பிடியூ. அதை 41ஆல் பெருக்கி 36ஆல் வகுத்தால் மைனஸ் 20க்கான தேவை கிடைக்கும்: 27,000 சொச்சம். பில்லும் கடிகாரமும் ஒரே எண்ணைக் காட்டினால் அதற்கு மேல் யாரும் உங்களை அச்சுறுத்த முடியாது.

விலை சொல்ல வருபவரிடம் எஃப்280 முறைப்படி செய்த வெப்ப இழப்புக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். அது கனடாவில் இதற்கென்றே உள்ள தரநிலை. ஜன்னல்களின் அளவு, சுவரின் வெப்பக் காப்பு, காற்றுக் கசிவு எல்லாம் அதற்குள் வரும். பழைய தகட்டைப் பார்த்து அதே எண்ணை எழுதிக் கொடுப்பவரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டாம் என்பதை என் தொழிலைச் சேர்ந்தவர்கள் மேல் உள்ள மதிப்போடுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குளிர்காலம் தணியத் தணிய, அளவுக்கு மீறிய ஃபர்னஸ் தரும் தொல்லை கூடுகிறது. வெளியே 5 பாகை இருக்கும் நாளில் உங்கள் வீட்டுக்குத் தேவை 8,000 பிடியூதான். 80,000 தரும் இயந்திரம் மணிக்கு ஆறு நிமிடம் எரிந்தால் போதும். அதையும் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து எரியும். தொடங்குவதும் நிற்பதுமாக இருப்பதால் பற்றவைக்கும் பாகம் விரைவில் தேய்கிறது, வெப்பப் பரிமாற்றி விரிந்து சுருங்கிக் களைக்கிறது, வீட்டில் ஓர் அறை வேகும்போது மற்றோர் அறை குளிர்கிறது. டிசம்பரில் இத்தகைய நாள்கள் கூடிவருவதை வேலைக்குப் போகும் வீடுகளில் காண்கிறேன்.

2010 தொடக்கத்திலிருந்து கனடாவில் புதிய எரிவாயு ஃபர்னஸுக்கு 90 விழுக்காட்டுத் திறன் கட்டாயமாக இருந்தது; 2019 ஜூலையில் அது 95 ஆக உயர்ந்தது. இப்போது 96 விழுக்காடு கொண்டவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. உங்கள் வீட்டுக்கு 40,000 பிடியூ, இரண்டு நிலைகளில் எரிவது, போதும். 80இலிருந்து 96க்கு மாறுவதால் மட்டுமே 1,920 கன மீட்டர் 1,600 ஆகும். காலநிலை 2 பாகை தணிந்து தரக்கூடிய மிச்சத்தைவிட இது கூடுதல்.


பதில் 3
பதிந்தவர்: பேஸ்மென்ட் குடியிருப்பாளர்

ஐயா, உங்கள் பேஸ்மென்டில் யாராவது குடியிருக்கிறார்களா என்று எழுதவில்லை. இருந்தால் அவர்களையும் எண்ணி முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தெர்மோஸ்டாட் பெரும்பாலும் மேல் வீட்டு நடையில் இருக்கிறது. மார்ச் மாதத்தில் வெயில் தெற்கு ஜன்னல் வழியாக வந்து மேல்தளத்தைச் சூடாக்கிவிட்டால் ஃபர்னஸ் மணிக்கணக்காக எரிவதில்லை. கீழே உள்ளவர்களுக்கு வெயிலும் இல்லை, குழாய் வழியாகச் சூடான காற்றும் இல்லை; தரையை ஒட்டிய கொன்கிறீட் மாத்திரம் பழைய குளிரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கடுங்குளிரில் ஃபர்னஸ் ஓயாமல் ஓடும்போது பேஸ்மென்ட் ஓரளவு சூடாக இருக்கும்; இதமான நாள்களில்தான் கம்பளிச் சால்வையோடு இருக்க வேண்டியிருக்கிறது. வெளியே குளிர் இல்லையே என்று மேலே இருப்பவர்கள் எண்ணுவது இயல்பு. கல்லூரிப் பிள்ளைகளும் புதிதாக வந்த குடும்பங்களும் இதை வீட்டுக்காரரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். மேலே குளிர்காலம் மென்மையாவதன் பலன் கீழே சென்று சேரவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

ரொறன்ரோ நகரசபையின் விதிப்படி, வெப்பமூட்டும் பருவத்தில் வாடகைக் குடியிருப்பில் 21 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்தப் பருவம் முன்னர் செப்டம்பர் 15இலிருந்து ஜூன் 1 வரை என்று இருந்தது. வெப்பமான செப்டம்பரிலும் மே மாதத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள் வெந்து போனதால் அக்டோபர் 1 முதல் மே 15 வரை என்று சுருக்கியிருக்கிறார்கள். நாள்கள் சுருங்கினாலும் 21 என்ற எண் அப்படியே இருக்கிறது. புதிய இயந்திரம் போடும்போது கீழ்த்தளத்துக்குத் தனித் தெர்மோஸ்டாட்டும் காற்றுத் தடுப்பானும் வைத்துத் தரச் சொல்லுங்கள். முடியாவிட்டால், காற்றாடியையாவது மெதுவான வேகத்தில் இடைவிடாமல் ஓடவிடுங்கள்.


பதில் 4
பதிந்தவர்: ஒஸ்லோ வாசகர்

கனடாக் கணக்கைப் படித்தபோது நோர்வேயில் நாங்கள் காண்பதோடு அது பெரிதும் பொருந்துவதாகத் தோன்றியது. இங்கே வீடுகளைச் சூடாக்குவது பெரும்பாலும் நீர்மின்சாரம். கட்டடங்களைச் சூடாக்கக் கனிம எண்ணெய் எரிப்பதை 2020இலிருந்து தடை செய்துவிட்டார்கள். பாகை நாளுக்கான அடி இங்கே 17 பாகை. மற்றபடி கணக்கு ஒன்றே.

உச்சத்துக்கும் மொத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் மின் பில் நேரடியாகவே காட்டுகிறது. 2022 ஜூலையிலிருந்து மின்வலைக் கட்டணத்தின் ஒரு பகுதி, மாதத்தில் மூன்று வெவ்வேறு நாள்களில் நாம் தொட்ட மிக உயர்ந்த மணி நேரப் பாவனைகளின் சராசரியைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. மாதம் முழுவதும் இதமாக இருந்து மூன்று நாள் மட்டும் கடுங்குளிர் வந்தாலும் அந்தப் பகுதி உயர்ந்துவிடும்.

அதனால் பலரும் கைக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. வழமையான குளிருக்கு ஏற்ற அளவில் ஹீட் பம்ப்பை வைத்துக்கொண்டு, மிக மோசமான இரவுகளுக்கு வரவேற்பறையில் உள்ள விறகடுப்பை மூட்டுகிறார்கள். நல்ல ஹீட் பம்ப் 8 பாகையில் ஓர் அலகு மின்சாரத்துக்கு மூன்று அலகுக்கு மேல் வெப்பம் தரும். மைனஸ் 15இல் இரண்டை ஒட்டித் தரும், தரக்கூடிய மொத்த அளவும் குறையும். குளிர்காலம் தணிவதால் மிகப் பெரிய நன்மை அடையும் கருவி இதுவே என்று சொல்வேன். இதமான நாள்கள் கூடும்போது தேவை குறைவதோடு, மீதித் தேவையையும் அது கூடிய திறனோடு நிறைவேற்றுகிறது. ஃபர்னஸுக்கு அந்த இரண்டாவது நன்மை இல்லை.


கேள்வியாளரின் மறுமொழி
பதிந்தவர்: ஸ்காபரோ வீட்டுக்காரர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பேஸ்மென்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. கீழே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். தனித் தெர்மோஸ்டாட் போடுவதென்றும் முடிவு செய்துள்ளேன்.

எங்கள் குளிரூட்டியும் பழையதே. கோடை கூடிவருவதால் அதையும் விரைவில் மாற்ற வேண்டும். அப்படியென்றால் ஹீட் பம்ப்பும் சிறிய ஃபர்னஸும் சேர்ந்த இணைப்பு பொருந்துமா? அட்டிக்கில் காப்பு மெல்லியதாக இருக்கிறது. அதை முதலில் செய்ய வேண்டுமா, இயந்திரத்தை முதலில் மாற்ற வேண்டுமா?


பதில் 5
பதிந்தவர்: வெப்பக் கணக்கர்

அட்டிக்கை முதலில் செய்யுங்கள் ஐயா. ஒன்டாரியோவில் புதிய வீடுகளின் அட்டிக்குக்கு இப்போது ஆர்-60 என்ற அளவில் காப்பு இடுகிறார்கள் (எண் கூடக் கூட வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றல் கூடும்). 1980களின் வீட்டில் அதில் பாதியே இருக்கக்கூடும். காப்பை நிரப்புவதற்கு முன் அட்டிக் கதவின் ஓரம், கூரை விளக்குகளின் துளைகள், பேஸ்மென்ட் சுவரின் மேல் விளிம்பில் மரச்சட்டங்கள் வந்து உட்காரும் இடம் ஆகியவற்றில் உள்ள கசிவை அடைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் காற்றழுத்தத்தைக் குறைத்துச் செய்யும் கசிவுச் சோதனை ஒன்று இருக்கிறது. வேலைக்கு முன்னும் பின்னும் அதைச் செய்தால் பணம் எங்கே போனது என்பது தெரியும்.

காப்பு நன்றாக உள்ள வீட்டில் ஆட்கள், சமையல், வெயில் ஆகியவை தரும் வெப்பமே நெடுநேரம் தாங்கும். வெளியே 18 பாகைக்குக் கீழே போனவுடனே சூடாக்க வேண்டியதில்லை. 12 அல்லது 13க்குக் கீழே போன பிறகே தேவை தொடங்கும். அத்தகைய வீட்டுக்கு அதே 2 பாகைத் தணிவு 12 விழுக்காட்டுக்கும் கூடுதலான மிச்சத்தைத் தரும், ஏனெனில் வேறுபாட்டின் சராசரியே சிறியதாகிவிடுகிறது. ஓட்டைகள் வழியாகக் காற்று வெளியேறும் வீட்டுக்கு அந்த நன்மை கிட்டாது. "குளிர்தான் குறைகிறதே, காப்புக்கு ஏன் செலவழிக்க வேண்டும்" என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கோடையில் அதே காப்பு வெப்பத்தை வெளியே நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காப்பு வேலை முடிந்த பிறகு எஃப்280 கணக்கைச் செய்வியுங்கள். 27,000 என்ற எண் 22,000, 23,000க்கு இறங்கலாம். அப்போது இரண்டு டன், அதாவது 24,000 பிடியூ அளவிலான, குளிர்நாட்டுக்கென்று வடிவமைத்த ஹீட் பம்ப் உங்கள் கோடைத் தேவைக்கும் குளிர்காலத்தின் பெரும்பகுதிக்கும் போதும். இங்கே குளிர்கால நேரத்தின் பெரும்பகுதி மைனஸ் 10க்கு மேலேயே கழிகிறது. அதற்குக் கீழே போகும் இரவுகளுக்குச் சிறிய ஃபர்னஸ் இருக்கட்டும். எந்த வெப்பநிலையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டும் என்பதைத் தெர்மோஸ்டாட்டில் நீங்களே வைக்கலாம். பொருத்துபவர் வழக்கமாக 0 அல்லது 2 பாகையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்படி விட்டால் ஹீட் பம்ப் பாதிக் குளிர்காலம் சும்மா நிற்கும். மைனஸ் 8 அல்லது மைனஸ் 10இல் தொடங்கிப் பாருங்கள்.

ஒரு கன மீட்டர் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 1.9 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. உங்கள் 2,400 கன மீட்டருக்கு ஆண்டுக்கு நான்கரை டன். ஒன்டாரியோ 2014இல் நிலக்கரி மின்நிலையங்களை முற்றாக மூடிவிட்டது. இங்கே மின்சாரம் பெரும்பாலும் அணுவிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது. ஆகையால் ஃபர்னஸிலிருந்து ஹீட் பம்ப்புக்கு மாறும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த நான்கரை டன்னில் உண்மையாகவே கழியும். 2013 டிசம்பரில் பனிப்புயல் வந்து ரொறன்ரோவில் 300,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனதை நினைத்து, மின்சாரத்தை நம்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எரிவாயு ஃபர்னஸின் காற்றாடியும் மின்சாரம் இல்லாமல் ஓடாது. இந்த விடயத்தில் இரண்டும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. அத்தகைய இரவில் வீடு எத்தனை மணி நேரம் சூட்டைத் தக்கவைக்கும் என்பதை அட்டிக்கின் காப்பும் அடைத்த கசிவுகளுமே தீர்மானிக்கும்.

காப்பு வேலையைக் கோடையிலும், இயந்திரத்தைச் செப்டம்பருக்கு முன்னும் முடித்துவிடுங்கள். குளிர் தொடங்கிய பின் வருபவர்கள் கையிருப்பில் உள்ள அளவையே தலையில் கட்டப் பார்ப்பார்கள். கணக்கு கிடைத்ததும் இங்கே பதிந்தால் எண்களைச் சேர்ந்து பார்ப்போம்.